தாயை இழந்த குரங்குக் குட்டியை யார் வளர்க்கும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குரங்குக் குட்டிகளைப் பற்றி வரும் கேள்விகள் பெரும்பாலும் இரண்டு இடங்களில் பிறக்கின்றன. ஒன்று, நாய்க்குட்டியை அணைத்துக்கொண்டு மதில்மேல் உட்கார்ந்திருக்கும் குரங்கின் வீடியோ. இன்னொன்று, மலைப்பாதையில் வண்டி மோதி இறந்த தாயின் வயிற்றைப் பிடித்தபடி கிடக்கும் குட்டியை நேரில் பார்த்துவிட்ட பதற்றம். இரண்டு தரப்புக்கும் இங்கே பதில் இருக்கிறது. அவசரத்தில் வந்தவர்கள் கடைசி மூன்று கேள்விகளுக்கு நேராகப் போய்விடலாம்.

தமிழ்நாட்டில் நம் கண்ணில் படுபவை நான்கு: கோயில், சந்தை, சாலை என்று எங்கும் இருக்கும் நாட்டுக்குரங்கு, லங்கூர் எனப்படும், கறுப்பு முகமும் நீண்ட வாலும் கொண்ட சாம்பல் மந்தி, மேற்குத் தொடர்ச்சி மலையின் கருமந்தி, வால்பாறை, களக்காடு பக்கத்துக் காடுகளில் வாழும் சிங்கவால் குரங்கு. இவற்றில் நாட்டுக்குரங்கும் சிங்கவால் குரங்கும் 'மக்காக்' என்ற ஒரே வகையைச் சேர்ந்தவை. மற்ற இரண்டும் இலைதின்னும் மந்தி வகை. குட்டி வளர்ப்பில் இந்த இரு வகைகளுக்கும் நிறைய வேறுபாடு உண்டு என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தாய் இறந்துவிட்டால் வேறு குரங்கு குட்டியை எடுத்து வளர்க்குமா?

வளர்க்கும். ஆனால் எல்லாக் குட்டிக்கும் அந்த யோகம் வாய்ப்பதில்லை.

முதலில் பார்க்க வேண்டியது குட்டியின் வயது. பிறந்து சில வாரமே ஆன குட்டிக்குப் பாலைத் தவிர எதுவும் செல்லாது. தூக்கி அணைத்துக்கொள்ளப் பத்துக் குரங்குகள் முன்வந்தாலும், அவற்றில் ஒன்றுக்காவது மடியில் பால் இருக்க வேண்டும். தன் குட்டிக்குப் போக மிச்சத்தைக் கொடுக்க அது சம்மதிக்கவும் வேண்டும். ஆறு மாதம் தாண்டிய குட்டி என்றால் நிலைமை வேறு. தளிர், பழம், பூச்சி என்று தானே பொறுக்கித் தின்னக் கற்றிருக்கும். அதற்கு வேண்டியது இரவில் ஒண்டிக்கொள்ள ஒரு மடி, கூட்டம் நகரும்போது தொற்றிக்கொள்ள ஒரு முதுகு, யாராவது அடிக்க வந்தால் குறுக்கே நிற்க ஒரு ஆள். இதைக் கொடுக்கக் கூட்டத்தில் பலரால் முடியும்.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரு மத்தியானம் குட்டியைத் தூக்கி வைத்திருப்பது வேறு, மாதக்கணக்கில் சுமந்து, கூடவே தூங்கி, சண்டையில் அதன் பக்கம் நிற்பது வேறு. இரண்டாவதைத்தான் ஆய்வாளர்கள் தத்து என்று எழுதுகிறார்கள். வீடியோக்களில் தத்து என்று தலைப்பிட்டு வருவதில் பெரும்பகுதி முதல் வகை.

கூட்டத்தில் முதலில் கை நீட்டுவது யார்?

சொந்தக்காரர்கள். மக்காக் கூட்டங்களில் பெண் குட்டிகள் பிறந்த கூட்டத்தை விட்டுப் போவதில்லை. ஆண்கள்தான் வளர்ந்ததும் வெளியேறி வேறு கூட்டத்தில் சேர்கின்றன. அதனால் ஒரு குட்டியைச் சுற்றி அதன் அம்மா, பாட்டி, சித்தி, பெரியம்மா, அக்கா எல்லோரும் ஒரே கூட்டத்தில் ஆயுள் முழுக்க இருக்கிறார்கள். தாய்வழிக் குடும்பங்கள் அடுத்தடுத்து உட்கார்ந்து பேன் பார்ப்பதைக் கோயில் மண்டபத்தில் கொஞ்ச நேரம் நின்றாலே கவனிக்கலாம். தாய் போனால் குட்டி ஓடி ஒட்டிக்கொள்வது ஏற்கெனவே பழகிய இந்த மடிகளில்தான்.

ஜப்பானின் காட்சுயாமாவில், தாயைப் பிரிந்த பேத்திகளை வயது முதிர்ந்த பாட்டிகளே சுமந்து காத்ததை 2010இல் வெளிவந்த ஓர் ஆய்வு பதிவு செய்திருக்கிறது. புவெர்ட்டோ ரிக்கோவை ஒட்டிய காயோ சாண்டியாகோ என்ற சின்னத் தீவில் இன்னொரு பதிவு. அந்தத் தீவின் ரீசஸ் குரங்குகள் (வட இந்தியாவில் பரவலாக இருக்கும் மக்காக் இனம்) 1938இல் இந்தியாவிலிருந்து கப்பலேற்றிக் கொண்டுபோன சுமார் 400 குரங்குகளின் வழித்தோன்றல்கள். தலைமுறை தலைமுறையாகத் தாய்வழி உறவு எழுதி வைக்கப்பட்டிருப்பதால் யாருக்கு யார் என்ன முறை என்பது அங்கே தெளிவாகத் தெரியும். தாயை இழந்த ஒரு குட்டிக்கு அங்கே ஒரு வளர்ப்புத் தாயும் கிடைத்தது, ஆண் குரங்கின் கவனிப்பும் கிடைத்தது என்று ஆய்வாளர் கரோல் பெர்மன் 1982இல் எழுதினார்.

குடும்பப் பெருமையும் இதில் அடங்கும். மக்காக்குகளில் மகளின் அந்தஸ்து தாயின் அந்தஸ்துக்கு ஒரு படி கீழே என்று அமைகிறது. தாய் இல்லாவிட்டாலும் உறவுகள் பின்னால் நின்றால் குட்டிக்கு அந்த இடம் கிடைக்கும். நிற்க யாரும் இல்லாத குட்டி அடி வாங்கியே வளரும்.

உறவே இல்லாத குட்டியையும் வளர்க்குமா?

வளர்த்த நிகழ்வுகள் உண்டு. குரங்குகளிலும் மனிதக் குரங்குகளிலும் தத்து பற்றிய பதிவுகளை 1986இலேயே பெர்னார்ட் தியரியும் ஜேம்ஸ் ஆண்டர்சனும் தொகுத்துப் பார்த்தார்கள். உறவினர்களே அதிகம், ஆனால் உறவினர் மட்டும் இல்லை.

சமீபத்தில் தன் குட்டியைப் பறிகொடுத்த தாய்க்கு மடியில் பாலும் இருக்கிறது, உடம்பில் தாய்மையின் சுரப்புகளும் இன்னும் அடங்கவில்லை. அருகில் ஒரு குட்டி கத்தினால் அது எடுத்துக்கொள்வதில் வியப்பில்லை. இன்னும் பிள்ளை பெறாத இளம் பெண் குரங்குகளுக்குக் குட்டி என்றாலே ஆசை. உறவினருக்கு உதவினால் தன் மரபணுவும் பிழைக்கும் என்று 1964இல் வில்லியம் ஹாமில்டன் கணக்குப் போட்டுக் காட்டினார். அந்தக் கணக்கு காட்டில் பெரும்பாலும் சரியாகவே வருகிறது. ஆனால் குரங்கு கணக்குப் பார்த்துக் கை நீட்டுவதில்லை. கத்தும் குட்டியைக் கண்டால் தூக்கத் தோன்றும் மனம் அதற்கு இருக்கிறது. சொந்தங்களுக்கு நடுவிலேயே வாழ்வதால் அந்த மனம் பெரும்பாலும் சொந்தத்துக்கே பயன்படுகிறது. இது என் பார்வை, ஏற்காதவர்களும் உண்டு.

வேறு இனத்துக் குட்டியை வளர்த்ததாகச் சொல்கிறார்களே?

நன்றாகப் பதிவான ஒரு நிகழ்வு பிரேசில் நாட்டின் பியாவி மாநிலத்தில் நடந்தது. அங்குள்ள போவா விஸ்டா என்ற இடத்துக் கபுச்சின் குரங்குகள், கல்லைத் தூக்கிப் போட்டுக் கொட்டை உடைத்துத் தின்பதற்குப் பேர்போனவை. 2004இல் அந்தக் கூட்டத்தில் ஒரு பெண் குரங்கின்மேல் மார்மோசெட் குட்டி ஒன்று தொற்றிக்கொண்டிருந்தது. மார்மோசெட் உள்ளங்கையில் அடங்கும் குட்டிக் குரங்கு. கபுச்சினோடு சேர்த்துப் பார்த்தால் அளவில் எந்தப் பொருத்தமும் இல்லை. ஆய்வாளர்கள் அதற்கு ஃபோர்டுனாட்டா என்று பெயர் வைத்தார்கள். இரண்டு பெண் குரங்குகள் அடுத்தடுத்து அதைச் சுமந்து பால் கொடுத்தன. மற்றவை உடைத்த கொட்டையின் சிதறலை அது பொறுக்கித் தின்றது. கூடவே விளையாடிய கபுச்சின் குட்டிகள் அதன் சின்ன உடம்புக்கு ஏற்றபடி தங்கள் பலத்தைக் குறைத்துக்கொண்டன. சுமார் 14 மாதம் அது கூட்டத்தோடு இருந்ததைப் பார்த்து, பட்ரிசியா இசார் குழுவினர் 2006இல் கட்டுரை வெளியிட்டார்கள்.

இதைப் படித்து மனம் நெகிழ்ந்தவர்கள் பனாமாவில் நடந்ததையும் கேட்டுக்கொள்ளுங்கள். கோய்பா தேசியப் பூங்காவைச் சேர்ந்த ஹிகாரோன் தீவில், கபுச்சின்கள் கல் பயன்படுத்துவதைப் படம்பிடிக்கத் தானியங்கிக் கேமராக்கள் வைத்திருந்தார்கள். 2022 ஜனவரியில் ஓர் இளம் ஆண் கபுச்சின், ஹவ்லர் குரங்கின் கைக்குழந்தை ஒன்றை முதுகில் சுமந்துகொண்டு போவது பதிவாகியது. பிறகு இன்னொன்று, அப்புறம் இன்னொன்று. மற்ற இளம் ஆண்களும் அதைப் பார்த்துத் தொடங்கின. 15 மாதங்களில் குறைந்தது 11 ஹவ்லர் குட்டிகள். அடிக்கவில்லை, தின்னவில்லை. சும்மா சுமந்து திரிந்தன. பால் கொடுக்க ஆள் இல்லாமல் குட்டிகள் செத்தன. ஒன்றுகூடப் பிழைத்ததாகத் தெரியவில்லை. இது 2025இல் வெளிவந்தது. எதிரியும் இல்லை, உணவுக்கும் பஞ்சமில்லை என்ற தீவில் வேலையில்லாத வாலிபர்களிடம் பரவிய ஒரு மோகம் என்றே ஆய்வாளர்கள் நினைக்கிறார்கள்.

இரண்டு இடத்திலும் ஒளிப்படத்தில் தெரிவது ஒன்றுதான்: முதுகில் அந்நியக் குட்டியைச் சுமக்கும் கபுச்சின். அதில் ஒன்று பிழைத்தது, மற்றப் பதினொன்றில் ஒன்றும் பிழைத்ததாகத் தெரியவில்லை.

அப்படியானால் நாய்க்குட்டியைத் தூக்கிவைத்திருக்கும் குரங்கு?

வீடியோ எடுத்தவர் பார்த்தது சில நிமிடம். நாய்க்குட்டி அடுத்த நாள் என்ன ஆனது என்பதை யாரும் எடுத்துப் போடுவதில்லை. நாய்க்குட்டிக்குப் பிடித்துத் தொங்கும் கையில்லை. மரத்தில் வாழும் உயிரின் மடியில் அது ஒவ்வொரு நிமிடமும் விழும் அபாயத்தில் இருக்கிறது. பால் குடிக்கும் பருவத்தில் தாயிடமிருந்து பிரிந்திருக்கிறது.

2021 இறுதியில் மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டம் லவூல் கிராமத்தில் லங்கூர்கள் நாய்க்குட்டிகளைத் தூக்கிக்கொண்டு மாடிக்கும் மரத்துக்கும் போனதும், குட்டிகள் விழுந்தும் பட்டினியிலும் செத்ததும் பெரிய செய்தியானது. நாய்கள் குரங்குக் குட்டியைக் கொன்றதற்குப் பழிவாங்கல் என்று ஊரில் பேசினார்கள். நூற்றுக்கணக்கில் கொன்றதாக எண்ணிக்கையும் ஊதிப் பெருகியது. கடைசியில் வனத்துறை இரண்டு லங்கூர்களைப் பிடித்துக்கொண்டு போனது. பழிவாங்கத் திட்டம் போடும் குரங்கைவிட, குட்டி வடிவில் எதைக் கண்டாலும் தூக்கும் பழக்கம் உள்ள குரங்குதான் இதற்குப் பொருத்தமான விளக்கம் என்று எனக்குப் படுகிறது. தத்து என்று மகிழ்ந்தவர்களும் பழி என்று நடுங்கியவர்களும் பார்த்தது அநேகமாக ஒரே செயலைத்தான்.

மந்திக் கூட்டத்தில் குட்டி கைக்குக் கை மாறுகிறதே, தாய்க்குக் கவலையே இல்லையா?

லங்கூர்களில் இது அன்றாட வழக்கம். பிறந்த அன்றே தொடங்கிவிடும். தாய் குட்டியோடு உட்கார்ந்திருக்கும். ஓர் இளம் பெண் மெல்ல நகர்ந்து வந்து பக்கத்தில் உட்காரும், தாய்க்குக் கொஞ்சம் பேன் பார்க்கும், பார்த்தபடியே ஒரு கையைக் குட்டியின் முதுகில் வைக்கும். தாய் தடுக்காவிட்டால் மெதுவாக இழுத்துத் தன் வயிற்றோடு சேர்த்துக்கொள்ளும். குட்டி கீச்சிடும். சில நிமிடத்தில் இன்னொரு பெண் அதனிடமிருந்து இழுக்கும். புதிதாகப் பழகும் பெண்களுக்குக் கை பதமில்லை: தலைகீழாகப் பிடிக்கும், ஒற்றைக் கையில் தொங்கவிடும், அலுத்துப்போனால் கிளையில் தேய்த்து உதறிவிட்டு நகரும். தாய் அதற்குள் நிம்மதியாகப் பத்து வாய் இலை தின்றிருக்கும். குட்டியின் கத்தல் முற்றினால் வந்து வாங்கிக்கொள்ளும்.

ராஜஸ்தானின் அபு மலையில் 1971 முதல் லங்கூர்களைக் கவனித்த சாரா பிளாஃபர் ஹர்டி இந்தச் செவிலி வழக்கத்தை விரிவாக எழுதியவர். தாய்க்கு ஓய்வு, இளம் பெண்ணுக்குப் பயிற்சி. பயிற்சி வீண்போவதில்லை என்பதற்கு ஆப்பிரிக்காவின் வெர்வெட் குரங்குகளிடம் சான்று உண்டு: சிறுவயதில் அதிகம் குட்டி தூக்கிப் பழகிய பெண்களின் தலைப்பிள்ளை பிழைக்கும் வாய்ப்பு கூடுதல் என்று லின் ஃபேர்பேங்க்ஸ் 1990இல் காட்டினார்.

நிறமும் இதில் சேரும். சாம்பல் மந்தியின் குட்டி கருநிற மயிரும் வெளிறிய முகமுமாகப் பிறக்கிறது. பெரியவர்களுக்கு நேர் எதிர். கருமந்தியின் குட்டி செம்பழுப்பு. நாட்டுக்குரங்குக் குட்டியும் கறுத்த மயிரோடுதான் பிறக்கும். வேறு சில ஆசிய மந்திகளில் பளிச்சென்ற ஆரஞ்சு நிறக் குட்டிகள்கூட உண்டு. சில மாதங்களில் இந்த நிறம் போய்விடும். போகும் வரை, எல்லோரும் தூக்க ஆசைப்படும் அடையாளமாக அது வேலை செய்கிறது.

நாட்டுக்குரங்கும் அப்படித்தானா? சில நேரம் குட்டியைப் பிடுங்கிக்கொண்டு தராமல் இருக்கிறதே?

மக்காக்குகளில் தாய் அவ்வளவு தாராளமாகக் கொடுப்பதில்லை. கொடுக்காததற்குக் காரணமும் இருக்கிறது. மந்திகளில் பெண்களுக்குள் ஏற்றத்தாழ்வு தளர்வானது, அதனால் கொடுத்த குட்டியைக் கேட்டு வாங்கிவிடலாம். மக்காக்குகளில் மேல்மட்டக் குடும்பத்துப் பெண் எடுத்துக்கொண்டால், கீழ்மட்டத் தாய் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். கிட்டப் போனால் அடி. எடுத்தவளுக்குப் பால் இல்லை, பசியில் குட்டி சோர்ந்துகொண்டே போகும். இப்படிச் செத்த குட்டிகளும் உண்டு. நாட்டுக்குரங்கு இந்த விஷயத்தில் ரீசஸைவிடச் சாது என்று பெயரெடுத்தது. கூட்டமாக ஒட்டி உட்காரும், அடுத்த வீட்டுக் குட்டியைச் சகித்துக்கொள்ளும். ஆனாலும் புதுத் தாய் குட்டியின் காலையோ வாலையோ ஒரு கையில் பிடித்துக்கொண்டே தின்பதைப் பார்க்கலாம். அது வெறும் செல்லம் இல்லை, எச்சரிக்கை.

பேன் பார்த்துக் கூலி கொடுத்தால்தான் குட்டியைத் தொட முடியும் என்ற ஏற்பாடும் உண்டு. தென்னாப்பிரிக்க பபூன்களைக் கவனித்த பீட்டர் ஹென்சியும் லூயிஸ் பாரெட்டும் 2002இல் சொன்னது சுவையானது: கூட்டத்தில் குட்டிகள் குறைவாக இருக்கும் காலத்தில், தாய்க்குப் பேன் பார்க்க வேண்டிய நேரம் கூடுகிறது. சரக்கு குறைந்தால் விலை ஏறுகிறது.

ஒரு தாய் இன்னொருத்தியின் குட்டிக்குப் பால் கொடுக்குமா?

குரங்குகளில் இது அரிது என்றே நெடுநாள் நினைத்தார்கள். சீனாவின் ஹூபெய் மாநிலத்து ஷென்னாங்ஜியா மலைகளில் வாழும் பொன்னிறச் சப்பைமூக்குக் குரங்குகள் அந்த எண்ணத்தை மாற்றின. 2019இல் வெளிவந்த ஆய்வில், 87 விழுக்காட்டுக் குட்டிகள் தாயல்லாத வேறு பெண்ணிடமும் பால் குடித்திருந்தன. கொடுத்தவை பெரும்பாலும் சித்தி, பாட்டி முறையானவை. இவை உறைபனி மலையில் வாழும் உயிர்கள். ஒரு மடி வற்றினால் இன்னொரு மடி என்ற காப்பு அங்கே உயிர்காப்பு.

ஆண் குரங்கு குட்டி பார்த்துக்கொள்ளுமா?

எந்தக் குரங்கு என்பதைப் பொறுத்தது. தென்னமெரிக்காவின் டிட்டி குரங்குகளில் குட்டியைச் சுமப்பது கிட்டத்தட்ட அப்பா வேலை. பால் குடிக்க மட்டும் தாயிடம் போய்வரும். அப்பாவிடமிருந்து பிரித்தால் தாயைப் பிரிவதைவிட அதிகம் தவிக்கும். மார்மோசெட்டுகள் பெரும்பாலும் இரட்டைக் குட்டி போடும், தாய் ஒருத்தியால் இரண்டையும் சுமந்து தாங்காது. அப்பாவும் அண்ணன் அக்காக்களும் முறைவைத்துச் சுமக்கிறார்கள்.

ஜப்பானின் தகாசாகியாமாவில், தாய்கள் புதுக்குட்டி போடும் பருவத்தில் பெரிய ஆண்கள் ஒரு வயதுக் குட்டிகளைத் தூக்கி அணைப்பதை இதானி ஜுனிசிரோ 1959இலேயே எழுதினார். மொராக்கோவின் அட்லஸ் மலைகளிலும் ஜிப்ரால்டரிலும் வாழும் பார்பரி மக்காக் ஆண்கள் குட்டியைத் தூக்கிக்கொண்டு இன்னோர் ஆணிடம் போகும். இரண்டும் குட்டியை நடுவில் பிடித்து, பற்களை நறநறவென்று அடித்துக்கொண்டு, அதையே உற்றுப் பார்க்கும். கையில் குட்டி இருக்கும்போது அடி விழுவது குறைவு. பாசமும் தற்காப்பும் இங்கே பிரிக்க முடியாதபடி கலந்திருக்கின்றன.

நாட்டுக்குரங்கு ஆண்கள் குட்டிகளோடு விளையாடும், மேலே ஏறி மிதிக்கவும் விடும். பொறுப்பேற்று வளர்ப்பது வேறு.

குரங்கு இல்லை, மனிதக் குரங்கு என்றாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும்: ஐவரி கோஸ்ட்டில் 'தாய்' (Taï) என்ற பெயருடைய காட்டின் சிம்பன்சிகளில் பதிவான 18 தத்துகளில் சரிபாதியை ஏற்றவை ஆண்கள் என்று கிறிஸ்டோஃப் போஷ் குழுவினர் 2010இல் எழுதினார்கள்.

ஆண் குரங்கு குட்டியைக் கொல்லும் என்பதும் உண்மைதானா?

உண்மை. கர்நாடகத்தின் தார்வாட் காட்டில் 1960களின் தொடக்கத்தில் யுகிமாரு சுகியாமா இதை முதலில் பதிவு செய்தபோது, நெரிசலால் வந்த மனக்கோளாறு என்று பலர் ஒதுக்கினார்கள். வெளியிலிருந்து வரும் லங்கூர் ஆண் பழைய தலைவனை விரட்டிவிட்டுக் கூட்டத்தைக் கைப்பற்றுகிறது. பால்குடிக் குட்டிகள் செத்தால் தாய்கள் விரைவில் மீண்டும் கருத்தரிக்கத் தயாராகின்றன. அடுத்த குட்டி புதியவனுடையது. ஹர்டி முன்வைத்த இந்த விளக்கத்துக்கு நேபாளத்தின் ராம்நகர் லங்கூர்களிடம் 1999இல் மரபணுச் சான்று கிடைத்தது: கொன்ற ஆண்கள் அந்தக் குட்டிகளின் தந்தையர் அல்ல. தாய்களும் சும்மா இருப்பதில்லை. பாட்டி வயதுப் பெண்கள் முன்னால் பாய்ந்து தடுப்பதையும் அபு மலையில் பார்த்திருக்கிறார்கள்.

சங்கப் பாட்டில் பெண் குரங்கு குட்டியைச் சுற்றத்திடம் ஒப்படைத்ததாக வருகிறதே?

குறுந்தொகையின் 69ஆம் பாடல், பாடியவர் கடுந்தோட் கரவீரன். இரவில் மலைவழி வரும் தலைவனைத் தோழி தடுக்கும் இடம். ஆண் இறந்துவிட, கைம்மையைத் தாங்காத மந்தி, இன்னும் தொழில் கற்காத தன் வலிய குட்டியைச் சுற்றத்திடம் சேர்த்துவிட்டு, ஓங்கிய மலையிலிருந்து பாய்ந்து உயிரை விடுகிறது.

மலையிலிருந்து விழுவது கவிஞரின் கற்பனை. நம் குரங்குகள் ஒருவனுக்கு ஒருத்தி என்று வாழ்பவையும் அல்ல. ஆனால் நடுவில் வரும் வரி அசலான காட்டுப் பார்வை. தாயில்லாத குட்டி போய்ச் சேரும் இடம் சுற்றம்தான் என்பதும், ஒப்படைக்கும் அளவுக்கு வளர்ந்த, ஆனால் தாவக் கற்காத வயதுதான் அதற்கு ஏற்றது என்பதும் காயோ சாண்டியாகோவுக்குப் போகாமலே ஒருவருக்குத் தெரிந்திருக்கிறது.

செத்த குட்டியைத் தாய் சுமந்து திரிவது ஏன்? அதற்குத் தெரியாதா?

50 இனங்களில் 409 நிகழ்வுகளைத் தொகுத்து 2021இல் ஓர் ஆய்வு வந்தது. ஐந்தில் நான்கு பங்கு இனங்களில் இந்த வழக்கம் இருந்தது. இளம் தாய்கள் அதிகம் சுமக்கின்றன. விபத்தில் சட்டென்று செத்ததைவிட, நோயில் செத்த குட்டியைச் சுமப்பதே அதிகம். உடலைத் தூக்கும் முறையே மாறுவது பலவற்றில் தெரிகிறது: உயிருள்ள குட்டியை ஒருபோதும் பிடிக்காதபடி ஒரு காலைப் பிடித்து இழுத்துச் செல்லும், வாயில் கவ்வும். ஏதோ மாறிவிட்டது என்பது அதற்குத் தெரிகிறது, விடத்தான் முடியவில்லை. அப்படி ஒரு தாயைக் கண்டால் உடலைப் பிடுங்க முயல வேண்டாம். நாளடைவில் அதுவே விட்டுவிடும்.

தாயில்லாமல் வளர்ந்த குட்டி பிற்பாடு எப்படி இருக்கும்?

தப்பிப் பிழைத்தாலும் விலை உண்டு. கென்யாவின் அம்போசெலியில் பபூன்களை 1971 முதல் தனித்தனியே அடையாளம் கண்டு பின்தொடர்கிறார்கள். சிறுவயதில் வறட்சி, தாயின் இழப்பு, தாயின் தாழ்ந்த அந்தஸ்து போன்ற இடர்களில் மூன்றோ அதற்கு மேலோ சந்தித்த பெண்கள், அதிகம் போனால் ஒன்றைச் சந்தித்தவற்றைவிடச் சுமார் 10 ஆண்டு முன்னதாகவே இறந்தன. சிறுவயதில் தாயை இழந்த பெண் பிற்காலத்தில் பெறும் குட்டிகளுக்கும் பிழைக்கும் வாய்ப்பு குறைவு என்று 2019இல் அதே இடத்திலிருந்து இன்னொரு ஆய்வு வந்தது. தத்து உயிரைக் காக்கும், தாயை ஈடு செய்யாது.

தாய் இறந்து குட்டி தனியாக இருப்பதைப் பார்த்தேன். என்ன செய்ய வேண்டும்?

முதல் வேலை கூட்டத்தைக் கலைப்பது, மனிதக் கூட்டத்தை. சுற்றி இருபது பேர் செல்போனோடு நின்றால் குரங்குகள் கீழே இறங்காது. நாய்களை விரட்டுங்கள், வண்டிகளை மெதுவாகப் போகச் சொல்லுங்கள், தள்ளி நின்று மரங்களைப் பாருங்கள். சொந்தங்கள் பெரும்பாலும் பக்கத்திலேயே இருக்கும். அக்காவோ பாட்டியோ வந்து தூக்கிக்கொண்டு போனால் அதைவிட நல்ல முடிவு இல்லை.

அதே நேரம் வனத்துறைக்குச் சொல்லிவிடுங்கள். மின்கம்பத்தில் நடந்திருந்தால் முதலில் மின்வாரியத்துக்குச் சொல்லி இணைப்பைத் துண்டிக்க வேண்டும். அதுவரை தாயையோ குட்டியையோ தொடக்கூடாது. தாயின் உடலைக் குட்டி பிடித்திருந்தால் பிய்த்து எடுக்க வேண்டாம். குரங்குப்பிடி என்று சும்மா சொல்லவில்லை. இழுத்தால் விரல் ஒடியும்.

குட்டி துவண்டு குளிர்ந்து கிடந்தாலோ, இருட்டியும் கூட்டம் வராமல் போனாலோ, தடித்த துண்டில் சுற்றி வெதுவெதுப்பாக வைத்து வனத்துறை ஆளிடம் ஒப்படைக்கலாம். மல்லாக்கப் படுக்கவைத்துப் பால் புகட்டாதீர்கள், புரையேறி நுரையீரலுக்குள் போகும். கடித்தாலோ கீறினாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய் ரேபிஸ் ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

பாவமாக இருக்கிறது, வீட்டிலேயே வளர்க்கலாமா?

கூடாது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும். 1958இல் ஹாரி ஹார்லோ ரீசஸ் குட்டிகளுக்குக் கம்பியால் ஒரு பொம்மைத் தாயும் துணி சுற்றிய ஒரு பொம்மைத் தாயும் வைத்துப் பார்த்தார். பால் புட்டி கம்பித் தாயிடம் இருந்தபோதும் குட்டிகள் பொழுதெல்லாம் துணித் தாயையே கட்டிக்கொண்டிருந்தன. அப்படித் தனியே வளர்ந்தவை பெரிதானபோது மற்றக் குரங்குகளோடு பழகத் தெரியாமல் போயின. சில தாமே தாயானபோது குட்டியை அடித்துத் தள்ளின. வீட்டில் பாசமாக வளர்ப்பவர் செய்வதும் கிட்டத்தட்ட அதே பிரிவினைதான். மூன்று நான்கு வயதில் கோரைப்பல் முளைத்து, வீட்டில் யார் பெரியவர் என்று அது சோதிக்கத் தொடங்கும்போது சங்கிலியில் கட்டுவார்கள், அல்லது தொலைவில் கொண்டுபோய் விடுவார்கள். வேறு கூட்டத்தின் எல்லையில் விடப்பட்ட தனிக் குரங்குக்கு என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

காப்பகங்களில் செய்வது வேறு. தென்னாப்பிரிக்காவில் அநாதை வெர்வெட் குட்டிகளைக் கொஞ்ச நாள் ஆள் வைத்துப் பார்த்துவிட்டு, காப்பகத்திலேயே இருக்கும் ஒரு பெண் குரங்கிடம் சேர்த்துவிடுகிறார்கள். குட்டி குரங்கின் மடியிலேயே குரங்காக வளர்கிறது.

சாலையில் குரங்குக்குத் தின்பண்டம் போடுவதற்கும் அநாதைக் குட்டிக்கும் என்ன தொடர்பு?

நேரான தொடர்பு. மலைப்பாதை வளைவில் ஒருவர் காரை நிறுத்தி பிஸ்கட் போடுகிறார். கூட்டம் அந்த வளைவில் காத்திருக்கப் பழகுகிறது. அடுத்து வரும் வண்டி நிறுத்தாது. வயிற்றைப் பற்றித் தொங்கும் குட்டியோடு ஓடும் தாய் மற்றவற்றைவிட மெதுவாகத்தான் ஓடும். நாட்டுக்குரங்கு பெரும்பாலும் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை குட்டி போடும். அடுத்து வருவது மலைவாசத்தலங்களில் கோடைக் கூட்டம். வால்பாறை புதுத்தோட்டத்தில் சிங்கவால் குரங்குகள் சாலையைக் கடக்க, பழைய தீயணைப்புக் குழாய்களை மரத்துக்கு மரம் கட்டிப் பாலம் அமைத்திருக்கிறார்கள். தாய்கள் குட்டியோடு அதன்மேல் போய்வருகின்றன. கீழே கார் நிறுத்தி வாழைப்பழத்தைக் காட்டினால் அந்தப் பாலத்தை விட்டு இறங்கி வரும். காட்டாதீர்கள்.